வீட்டில் இரண்டு நோயாளிகள், ஏட்டில் ஒருவர்

பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தை ஈரத்துணிபோலத் துவண்டு கிடக்கிறது. அழுகைச் சத்தம் மெலிந்து கேட்கிறது. பாலை உறிஞ்சத் தெம்பில்லை. மூச்சுக்கு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். பனிக்குட நீர் அளவுக்கு மீறி இருந்ததாகக் கர்ப்பகால ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த மருத்துவர், அடுத்ததாகத் தாயின் கட்டிலுக்கு வருவார். “என் கையை இறுக்கிப் பிடிம்மா. சரி, இப்போ விடு.” தாய் விட முயல்வார், விரல்கள் பிரியாது. சில நொடிகள் கழித்து, ஒவ்வொரு விரலாகத்தான் விரியும். “குளிர் காலத்துல இப்படித்தாங்க டாக்டர் மாட்டிக்கும். ரொம்ப வருஷமாவே இருக்கு” என்பார். அதை ஒரு நோய் என்று அவர் அதுவரை நினைத்ததே இல்லை.

மையோடோனிக் டிஸ்ட்ரோபி என்ற பரம்பரைத் தசைநோய் பல குடும்பங்களில் வெளிப்படும் விதம் இதுதான். குழந்தைக்கு என்ன என்று தேடப்போய், தாய்க்கும் அதே நோய் இருப்பது தெரியவருகிறது. ஒரே வாரத்தில் அந்த வீடு இரண்டு நோயாளிகளின் வீடாகிவிடுகிறது. சில நேரம் தாயின் அண்ணனுக்கும், இளம் வயதிலேயே கண்புரை அறுவை செய்துகொண்ட தாத்தாவுக்கும் அதே நோய்தான் என்பது பின்னால் புரியும்.

அரிய நோய்கள் என்று அறியப்படுபவை ஏறக்குறைய 7,000. அவற்றில் சுமார் 80 சதவீதம் மரபணுவில் தொடங்குபவை. ஆகவே பெற்றவருக்கும் பிள்ளைக்கும் ஒரே நோய் வருவது இந்த நோய்களின் உலகில் வியப்பான செய்தி அல்ல. ஆனால் அரசுத் திட்டமானாலும், மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டானாலும், பொதுமக்கள் திரட்டும் நிதியானாலும், எல்லாமே ஒரு கணக்கை நம்பித்தான் இயங்குகின்றன: நோயாளி ஒருவர், அவரைப் பார்த்துக்கொள்ளத் திடமான இன்னொருவர். பார்த்துக்கொள்பவரே நோயாளியாக இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே உதவி நோயாளிவாரியாக வரக்கூடாது, குடும்பவாரியாக வர வேண்டும். கொள்கை வகுப்பவர்களும் மருத்துவமனைகளும் அக்கம்பக்கத்தாரும் இதை ஏற்றுக்கொண்டால், இப்போது இருக்கும் பணத்திலும் சட்டத்திலுமே நிறையச் செய்ய முடியும்.

இந்த நோயின் வரலாற்றிலேயே குடும்பத்தின் பேச்சைக் கேட்காததால் வந்த ஒரு பெரிய தாமதம் இருக்கிறது. ஜெர்மனிய மருத்துவர் ஹான்ஸ் ஸ்டைனெர்ட் 1909-ல் இதை விவரித்தார். தலைமுறைக்குத் தலைமுறை நோய் முன்னதாக வருகிறது, கடுமையாகவும் வருகிறது என்று குடும்பங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. தாத்தாவுக்குக் கண்புரை மட்டும், அம்மாவுக்குக் கைப்பிடி இறுக்கம், பேரப்பிள்ளைக்குப் பிறக்கும்போதே மூச்சுத் திணறல். இங்கிலாந்தின் புகழ்பெற்ற மரபியலாளர் லயனல் பென்ரோஸ் 1948-ல், நோயாளிகளைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதால் உண்டாகும் தோற்றம்தான் இது என்று விளக்கம் சொன்னார். அடுத்த பல ஆண்டுகளுக்கு மருத்துவ உலகம் அதையே பெரிதும் நம்பியது.

1992-ல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டபோது குடும்பங்கள் சொன்னது உண்மை என்று நிரூபணமானது. 19-ஆம் குரோமோசோமில் உள்ள டி.எம்.பி.கே. என்ற மரபணுவில் சி.டி.ஜி. என்ற மூன்று எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்ப வருகின்றன. பெரும்பாலானவர்களிடம் இது 35 முறைக்குள் இருக்கும். 50-ஐத் தாண்டினால் நோய். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது இந்த எண்ணிக்கை பெருகிவிடும். பிறவியிலேயே கடுமையாகத் தாக்கும் வகையில் அது ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. அந்த வகை பெரும்பாலும் தாய்வழியாகவே வருகிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நம் ஊரில் மிகுந்த கவனத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. “உன் வழியில வந்த வியாதி” என்ற பேச்சு, குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போதே தாயின் காதில் விழத் தொடங்கிவிடும். “சொந்தத்துல கட்டினதால வந்தது” என்று தீர்ப்புச் சொல்பவர்களும் உண்டு. இந்த நோய்க்கு நெருங்கிய உறவுத் திருமணம் காரணமே அல்ல. பெற்றவர்களில் ஒருவரிடம் மாறிய மரபணு ஒன்று இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதைத் தேர்ந்தெடுக்கவோ தடுக்கவோ அந்தத் தாய்க்கு வழி இருக்கவில்லை. தனக்கு நோய் இருப்பதே அவருக்குத் தெரியாது. மரபணு ஆலோசனை என்பது பரிசோதனை முடிவை நீட்டுவதோடு முடிந்துவிடக் கூடாது. கணவர், மாமியார், தாய் வீட்டார் எல்லோரையும் உட்காரவைத்து, இதில் யாருடைய குற்றமும் இல்லை என்று மருத்துவரின் வாயால் சொல்வது, அந்தக் குடும்பத்துக்கு எந்த மருந்துச் சீட்டையும்விட அவசரமான உதவி.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சிரமம் தொடங்குகிறது. பிறவி வகை குழந்தைகள் பலர் முதல் ஆண்டைக் கடந்துவிட்டால் மெல்லத் தேறுகிறார்கள். தாமதமாக நடக்கவும் செய்கிறார்கள். ஆனால் கற்றலில் பின்தங்குவார்கள், பேச்சு குழறும், முகத் தசைகள் தளர்ந்திருப்பதால் சிரிப்பதுகூட வெளியே தெரியாது. குழந்தைக்குப் பால் புரையேறாமல் ஊட்ட வேண்டும். வளைந்த பாதங்களுக்கு மாவுக்கட்டு, பயிற்சி, சிறப்புக் காலணி என்று மருத்துவமனைக்கு அலைய வேண்டும். இத்தனையையும் செய்ய வேண்டியவர் யார்? பாட்டில் மூடியைத் திறந்தால் கை பூட்டிக்கொள்ளும் தாய். பகலிலேயே கண்ணை இழுத்துச் செல்லும் தூக்கம் அவருக்கு நோயின் ஒரு பகுதி. திட்டமிடுவதும் ஒரு வேலையைத் தொடங்குவதும்கூட இந்த நோயால் கடினமாகிவிடும், ஏனென்றால் இது தசையோடு மூளையையும் தொடுகிறது. உறவினர்கள் இதற்கு வைக்கும் பெயர் சோம்பல். பார்ப்பதற்குத் திடமாக இருக்கும் ஒருவர் உண்மையிலேயே களைத்திருக்கிறார் என்பதை நம்புவதில் இருந்துதான் எல்லா உதவியும் தொடங்க வேண்டும்.

அந்தத் தாய்க்கு இதயத் துடிப்பில் கோளாறும் வரக்கூடும். இந்த நோயில் திடீர் மரணத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆண்டுக்கு ஒருமுறை இ.சி.ஜி. எடுத்தால் பல நேரம் முன்கூட்டியே கண்டுபிடித்து பேஸ்மேக்கர் வைத்துவிடலாம். மயக்க மருந்திலும் ஆபத்து உண்டு. வழக்கமாகக் கொடுக்கப்படும் சில மருந்துகள் இவர்களுக்குத் தசை இறுக்கத்தையோ மூச்சு அடங்குவதையோ உண்டாக்கும். அறுவை அரங்குக்குள் போகும் முன் நோயின் பெயரைச் சொல்லும் ஓர் அட்டை கையில் இருந்தால் உயிர் காக்கும். இ.சி.ஜி.யும் அட்டையும் பெரிய செலவு அல்ல. இருந்தும் குழந்தையின் சிகிச்சைக்காக மாதாமாதம் மருத்துவமனைக்கு வரும் தாய்க்கு, அவருக்கென்று ஒரு சீட்டு இல்லாததால் இ.சி.ஜி. எடுக்கப்படாமலே ஆண்டுகள் கழிந்துவிட இடமிருக்கிறது.

அரசின் பக்கம் வருவோம். 2021 மார்ச்சில் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை அறிவித்தது. 2022-ல் உதவியின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட உயர் சிறப்பு மையங்கள் வழியாக இது வழங்கப்படுகிறது. 2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம், அரிய நோய்களுக்கென ஒரு தேசிய நிதியத்தை அமைத்து, இரண்டு நிதியாண்டுகளுக்கு 974 கோடி ரூபாய் ஒதுக்கச் சொன்னது. முதுகெலும்புத் தசை நலிவு நோய்க்கான ரிஸ்டிப்ளாம் மருந்து பாட்டில் ஒன்று சுமார் 6 லட்சம் ரூபாய் என்றிருந்த நிலை மாறி, 2025-ல் சட்டப் போராட்டத்துக்குப் பின் இந்திய நிறுவனம் ஒன்று 15,900 ரூபாய் விலையில் அதைக் கொண்டுவந்தது. நோயாளிகளின் பெற்றோர்கள் நீதிமன்றப் படியேறியும் தெருவில் இறங்கியும் பெற்றவை இவை. எதையும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் கொள்கையின் மூன்று பிரிவுகளும் சிகிச்சையை வைத்தே வகுக்கப்பட்டவை. ஒருமுறை சிகிச்சையில் தீரக்கூடியவை முதல் பிரிவு. ஆயுள் முழுக்க ஓரளவு செலவில் சமாளிக்கக்கூடியவை இரண்டாவது. மருந்து இருந்தும் விலை எட்டாதவை மூன்றாவது. மையோடோனிக் டிஸ்ட்ரோபி போல, குணமாக்கும் மருந்தே இன்னும் வராத நோய்களோடு வாழும் குடும்பத்துக்கு இந்தச் சட்டகத்தில் கேட்டுப் பெற அதிகம் எதுவும் இல்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது மருத்துவமனைக்குப் போய்வர வாகனம், வீட்டில் பயிற்சி கொடுக்க ஆள், இரவில் மூச்சுக்கு உதவும் கருவி, தாய் தூங்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர்.

மருந்து இருக்கும் நோயிலும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு இடிக்கிறது. ஃபேப்ரி நோய் கொள்கையின் மூன்றாவது பிரிவில் இருக்கிறது. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால், நோயுள்ள தந்தையிடமிருந்து எல்லா மகள்களுக்கும் மாறிய மரபணு போய்ச் சேரும், மகன்களுக்குப் போகாது. சிறுநீரகத்தையும் இதயத்தையும் மெல்ல அரிக்கும் இந்த நோய்க்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நொதியை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. அளவு உடல் எடையைப் பொறுத்தது. தந்தைக்கும் மகளுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி உச்சவரம்பு. தந்தையின் எடைக்கு அந்தத் தொகை மகளுடையதைவிடச் சீக்கிரம் தீரும். சம்பாதிப்பவரின் சிகிச்சை நின்றால் அதன் சுமை மகளின் சிகிச்சையிலும் படிப்பிலும் வந்து விழும். இரண்டு கோப்புகளையும் ஒரே குடும்பத்தின் கோப்பாகப் பார்க்கும் அதிகாரி ஒருவர் இருந்தால்தான் இந்த ஆபத்து முன்கூட்டியே தெரியும்.

மாநில அளவிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. தசைச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது, நல்ல திட்டம். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அங்கீகரித்த 21 வகைகளில் தசைச் சிதைவும் ஒன்று. ஆனால் அச்சட்டத்தின் பல பயன்களுக்கு 40 சதவீத ஊனம் என்பது வாசற்படி. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும். நடந்து வரும் தாய்க்கு? பகல் தூக்கத்தையும் இதயத் துடிப்புக் கோளாறையும் கைவலிமை அளக்கும் சோதனை பிடிக்காது. அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதைப் பற்றிப் பேசுகிறது. பராமரிப்பவரும் நோயாளி என்ற வீட்டுக்கு அந்தப் படி முதலில் போக வேண்டும். வெளியிலிருந்து ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்காவது அது இருக்க வேண்டும்.

குடும்பத்தின் நிலையறிந்து உதவி செய்து காட்டிய இடங்கள் இருக்கின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சாகனே என்ற வட்டாரம். பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய சில குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கே பெருகியதால், உலகிலேயே மையோடோனிக் டிஸ்ட்ரோபி மிக அதிகமாகக் காணப்படுவது அங்குதான். உலகின் பிற பகுதிகளில் சுமார் 8,000 பேரில் ஒருவர் என்று பாடநூல்கள் சொல்லும் நோய், அங்கே சில நூறு பேருக்கு ஒருவரிடம் இருக்கிறது. ஜோங்கியேர் நகரத்து நரம்புத்தசை மருத்துவமனைப் பிரிவில் ஒவ்வொரு நோயாளியின் பராமரிப்பையும் செவிலியர்களே ஒருங்கிணைக்கிறார்கள். எந்த நோயாளிக்கு எப்போது இ.சி.ஜி., யாருக்கு மூச்சுப் பரிசோதனை, எந்த வீட்டில் சமையலுக்கு ஆள் தேவை என்பதை அவர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். திட்டமிடும் திறனையே பாதிக்கும் நோயில், ‘நீங்களே நினைவு வைத்துக்கொண்டு வாருங்கள்’ என்று நோயாளியிடம் விட்டுவிட முடியாது என்ற புரிதல் அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

ஸ்வீடனில் கோத்தன்பர்க் அருகே ஒரு சிறு தீவில் இயங்கும் ஓக்ரென்ஸ்கா மையம் அரிய நோயுள்ள குழந்தையை மட்டும் அழைப்பதில்லை. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சில நாள்கள் அங்கே தங்குகிறார்கள். ஒரே நோயுள்ள வேறு குடும்பங்களும் அதே நேரத்தில் வந்திருக்கும். உடன்பிறந்த பிள்ளைகளுக்கென்று தனி அமர்வுகள் நடக்கின்றன, ‘எனக்கும் வருமா?’ என்று வீட்டில் கேட்க முடியாததை அவர்கள் அங்கே கேட்கலாம்.

அந்தக் கேள்வி வெறும் பயம் அல்ல என்பதற்கு அமெரிக்காவின் வெக்ஸ்லர் குடும்பம் சான்று. லியோனோர் வெக்ஸ்லருக்கு ஹண்டிங்டன் என்ற பரம்பரை நரம்பு நோய் இருப்பது 1968-ல் தெரிந்தது. முன்னாள் கணவர் மில்டன் அதே ஆண்டில் பரம்பரை நோய் ஆராய்ச்சிக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார். மகள் நான்சி, தனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது தெரிந்தே வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடத்தினார். அந்த உழைப்பில்தான் 1993-ல் மரபணு பிடிபட்டது. தனக்கும் அதே நோய் இருப்பதை 2020-ல் அவர் வெளிப்படையாக அறிவித்தார். தாயைப் பார்த்துக்கொண்ட மகளே பின்னாளில் நோயாளியாகும் வீடு இது. இன்று உதவி செய்பவரின் உடல்நலத்தையும் சேர்த்துக் கணக்கிடாத திட்டம், அத்தகைய வீட்டைப் பாதியில் கைவிட்டுவிடும்.

வீட்டில் நோயில்லாத பிள்ளை இருந்தால் அவள்தான் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறாள். தம்பிக்கு ஊட்டிவிட்டு, அம்மாவை எழுப்பி, சோறு வடித்துவிட்டுப் பள்ளிக்குத் தாமதமாக வரும் சிறுமியைப் பற்றி ஆசிரியரிடம் ஒரு குறிப்பும் இருக்காது. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டின் சட்டம், இப்படிப் பராமரிக்கும் சிறார்களின் தேவையைக் கண்டறிந்து மதிப்பிடும் கடமையை உள்ளாட்சிகளுக்குத் தந்தது. தமிழ்நாட்டில் அந்த அடையாளம் காணும் வேலைக்குப் புதிதாக ஆள் போட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் மருந்து தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவு சிகிச்சையும் வீட்டிலேயே கொடுக்கப்படுகின்றன. ‘இந்த வீட்டில் பராமரிப்பது யார், அவருடைய வயது என்ன, அவருக்கு ஏதும் நோய் உண்டா?’ என்ற கேள்வியை அவர்களின் படிவத்தில் சேர்த்தால், சிறுமியும் தாயும் சேர்ந்தே பதிவாவார்கள்.

அரிய நோய்கள் நமக்குத் தூரமானவை என்று எண்ணவும் இடமில்லை. நடை தள்ளாடி, பேச்சு குழறச்செய்யும் எஸ்.சி.ஏ.1 என்ற பரம்பரை நரம்பு நோய் ஒரு தமிழ்ச் சமூகத்தினரிடையே மிக அதிகமாக இருப்பதை ‘நியூராலஜி இந்தியா’ இதழில் 2005-ல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. அதுவும் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு, முந்தைய தலைமுறையைவிட இளம் வயதிலேயே வரக்கூடிய நோய். சேலத்தில் தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்த சகோதரிகள் வானவன் மாதேவியும் இயலிசை வல்லபியும் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, அதே நோயுள்ள மற்றவர்களைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். வானவன் மாதேவி 2017-ல் மறைந்தார். நோயாளிகளே நோயாளிகளைத் தாங்கிய அந்த முயற்சிக்குத் தோள்கொடுத்தவர்கள் நண்பர்கள்தான்.

ஆகவே அக்கம்பக்கத்துக்கும் உறவுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்பது நல்ல மனதோடு சொல்லப்படுவதுதான். ஆனால் எது வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்பது என்று தயங்கி, கேட்டு வாங்கும் வேலையும் களைத்தவர் தலையிலேயே விழுகிறது. “செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிக்கு நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன்”, “ரேஷன் கார்டைக் குடுங்க, மாசாமாசம் நான் வாங்கிட்டு வர்றேன்”, “பெரியவளுக்குப் பரீட்சை முடியுற வரைக்கும் எங்க வீட்டுலயே படிக்கட்டும்” என்று ஒரு வேலையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வது வேறு. குழந்தைக்குப் பணம் திரட்டும் குழுக்கள், தாயின் பரிசோதனைச் செலவையும் தந்தை இழக்கும் கூலியையும் அதே வேண்டுகோளில் சேர்த்து எழுதலாம். அப்படி எழுதினால் கொடுப்பார்கள். மூலிகை மருந்துப் பெயர்களோடும், ‘பாத்தா நல்லாத்தானே இருக்க’ என்ற வார்த்தையோடும் போவதைத் தவிர்க்கலாம்.

பெற்றவர்களை இரவில் தூங்கவிடாத கேள்வி ஒன்று இருக்கிறது: எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்? நோயுள்ள பெற்றோருக்கு அது இருபது ஆண்டு கழித்து வரப்போகும் கேள்வி அல்ல. அறிவுசார் குறைபாடோ பல்வகை ஊனமோ உள்ளவர்கள் 18 வயதைக் கடந்த பிறகும் அவர்களுக்குச் சட்டபூர்வக் காப்பாளரை நியமிக்க, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. இதே சட்டத்தின் கீழான நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவைத் தருகிறது. நோய் உறுதியான அன்றே இந்த இரண்டையும் குடும்பத்துக்குச் சொல்லும் பொறுப்பு மருத்துவமனையில் யாருக்காவது இருக்க வேண்டும்.

தமிழக அரசு ஒரு மாவட்டத்தில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அரிய நோய்க் குடும்பங்களுக்கென ஒரு செவிலியரை நியமிப்பது முதல் வேலை. ஒரு குடும்பத்துக்கு ஒரே கோப்பு, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நாளில் எல்லாப் பரிசோதனையும், இருவர் கையிலும் மயக்க மருந்து எச்சரிக்கை அட்டை. ஊனச் சான்றிதழ் முகாமில் களைப்பையும் இதயத்தையும் அளக்க நரம்பியல், இதயவியல் மருத்துவர்கள் உட்கார வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள் என்றால் பராமரிப்பாளர் படியைக் கேட்காமலே வழங்கும் அரசாணை வேண்டும். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் சுகாதாரத் துறையும் மாற்றுத் திறனாளிகள் நலத் துறையும் இதைச் சேர்த்து அறிவிக்க முடியும். சட்டமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்க வேண்டும்.